ஓரம் நெளிந்த தம்ளர்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் தூறல். பிறகு நல்ல வெயில். தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. முறுக்கு மாவுக்கு மில் வாசல் தாண்டி டப்பா வரிசை. அதிரச மாவு தனி. மிளகாய் மதியத்துக்கு மேல்தான். முன்னால் அரைத்தால் முறுக்கில் காரம் ஏறிவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் போன வருஷச் சண்டையை மறக்காமல் இந்த வருஷமும் எடுத்துவந்தாள்.

மெஷின் பெல்ட் தேய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி மும்தாஜின் தம்பி சுலைமான் நாளை ராஜபாளையம் போகிறான். வாங்கிவரச் சொல்ல வேண்டும்.

இருமல் விடவில்லை. ஆடியில் பிடித்தது. மிளகாய் அரைக்கும் இடத்தில் இருமல் என்ன அதிசயம். அரைக்க வருகிறவர்கள் இருமுகிறார்கள், தெருவில் போகிறவர்கள் இருமுகிறார்கள், எதிர்க்கடைப் பூனை தும்முகிறது. இத்தனை வருஷமாக இருமுகிறவன் இதில் புது இருமல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

சாயங்காலம் மும்தாஜ் துவைக்கிற கல்லிலிருந்து கூப்பிட்டாள். கையில் என் கைக்குட்டை.

"மிளகாப் பொடின்னா அலசுனதும் மெதந்து போயிரும். இது போவ மாட்டேங்குது பாருங்க."

அந்தச் சிவப்பை நான் பல நாளாகப் பார்க்கிறேன். மிளகாய்ப் பொடி என்று உதறிவிட்டு மடித்து வைத்துக்கொள்வேன். இன்று மோந்து பார்த்தேன். காரம் இல்லை.

ரத்தம். எனக்குள்ளிருந்து வந்தது. இந்த டைரியில் மழையும் மெஷின் ரிப்பேரும் தவிர எதுவும் எழுதியதில்லை. இன்று இதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் இதில் எழுதுகிறேன்.


அக்டோபர் 8, புதன்

வெயில். மில்லைச் சீக்கிரம் நிறுத்திவிட்டுத் தெருமுனை டாக்டரிடம். இரண்டு மாதமாக இருமல் டானிக் எழுதித் தந்தவர். கைக்குட்டை விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"பீடி, சிகரெட் உண்டா?"

"இல்ல சார்."

"எப்பவாவது?"

"கல்யாண வீட்டுல வெத்தல போடுவேன். அம்புட்டுதான்."

"எடை கொறஞ்சிருக்கா?"

கைலி கட்டுகிறவனுக்கு எடை குறைவது எங்கே தெரிகிறது. கொஞ்சம் இழுத்துக் கட்டிக்கொள்கிறோம். மும்தாஜ்தான் பதில் சொன்னாள். "முதுகு எலும்பு தெரியுது சார். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." பார்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம் சொல்லவே இல்லை.

உடனே எக்ஸ்ரே. டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒன்று. எலுமிச்சம்பழம் அளவு.

"இங்க ஒரு நிழல் இருக்கு கனி பாய். டிபியா இருக்கலாம். மொதல்ல சளிய டெஸ்ட் பண்ணுங்க."

வெள்ளையாக இருப்பதை ஏன் நிழல் என்கிறார்கள்?

வீடு வந்தோம். மும்தாஜ் கதவைச் சாத்திவிட்டு, "வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். டிபின்னு தெரிஞ்சா ஒருத்தரும் மாவு அரைக்க வரமாட்டாவ" என்றாள். உண்மைதான். நானே போகமாட்டேன்.

மில் வாசலில் "மோட்டார் ரிப்பேர்" என்று எழுதித் தொங்கவிட்டாயிற்று. தீபாவளி நேரத்தில். சந்தேகம் இருக்கும்போது ஊரார் தின்கிற மாவின் மேல் நின்று இரும முடியாது.

மாலை டீ வேறு தம்ளரில் வந்தது. பரணில் கிடந்த, ஓரம் நெளிந்த ஒன்று. தட்டும் தனி. நான் குடித்து வைத்ததும் அதை மட்டும் வேறாகக் கழுவி ஜன்னலில் கவிழ்த்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"நம்ம மக சபீனா கைப்பிள்ளையோட வந்து போற வீடுங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.


அக்டோபர் 10, வெள்ளி

மேகம். அரசு ஆஸ்பத்திரி. சின்ன டப்பா கொடுத்த நர்ஸ், "எச்சி வேண்டாம், அடி நெஞ்சுலருந்து வார சளி வேணும்" என்றாள். மூலையில் நின்று இருமினேன். தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே.

மம்சாபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். தேங்காய் வியாபாரி. நான் அவரைப் பார்க்காதது போல, அவரும் என்னைப் பார்க்காதது போல. இரண்டு பேர் கையிலும் அதே டப்பா.

ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். கடைசி வரிசையில் ஓரமாக நின்றேன்.


அக்டோபர் 13, திங்கள்

சளியில் டிபிக் கிருமி இல்லை.

சுலைமானுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீயளா மச்சான், ஒண்ணுமில்லன்னு நான் சொன்னேன்லா" என்று பால்கோவா வாங்கப் புறப்பட்டான். டாக்டர் சந்தோஷப்படவில்லை. சி.டி. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். இல்லை என்று வந்த பிறகு எதற்கு இன்னொரு படம்?

ராஜபாளையத்தில் எடுத்தோம். பக்கத்து நாற்காலியில் பஞ்சாலையில் வேலை செய்யும் பெண், அவளுக்கும் இருமல். "பஞ்சுத்தூசிண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்று அவளாகவே சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நானும் இப்படித்தான் எல்லோரிடமும் மிளகாய் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். டாக்டரிடம் நன்றாகக் காட்டிப் பார்த்துக்கொள் அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

படத்துக்காக நரம்பில் மருந்து ஏற்றியதும் தொண்டையிலிருந்து தொடை வரை சூடு. சிறுநீர் போய்விட்டதோ என்று பயந்து தடவிப் பார்த்தேன். இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தார். கட்டி. ஓரம் முள் முள்ளாக. நடு நெஞ்சில் நெறி கட்டியிருக்கிறது. ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், மதுரைக்குப் போங்கள்.

"டிபி இல்லையா சார்?"

"டிபியும் சில நேரம் இப்படித் தெரியும்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஐந்து நாளைக்கு முன் டிபி என்ற சொல்லைக் கேட்டு நடுங்கினவன். இன்று தொழுதுவிட்டுக் கை ஏந்தி, யா அல்லாஹ், எனக்கு டிபியாகவே இருக்கட்டும் என்று கேட்டேன். இப்படி ஒரு துஆவை யாரும் கேட்டிருப்பார்களா தெரியவில்லை.


அக்டோபர் 16, வியாழன்

மழை. நாளை மதுரை. எடுத்துவைத்தவை: எக்ஸ்ரே. சி.டி. படம். ஆதார். காப்பீட்டு அட்டை. துண்டு இரண்டு. தொப்பி. நெளிந்த தம்ளர் (மு. மறக்கவில்லை).

தம்ளரைப் பையில் பார்த்ததும் இந்தத் தடவை கோபம் வரவில்லை. நிம்மதி. அவளும் டிபி என்றுதான் நம்புகிறாள்.


அக்டோபர் 17, வெள்ளி

ஊசி முடிந்தது.

ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து, படத்தில் பார்த்துப் பார்த்து நெஞ்சுக்குள் ஊசியை இறக்குவார்கள். மரத்துப்போக முதலில் ஒரு ஊசி. பிறகு அந்த டாக்டர் குனிந்து, "ஐயா, ஊசி உள்ள இருக்கும்போது இருமிரக் கூடாது. நுரையீரல்ல ஓட்ட விழுந்துரும். அடக்க முடியும்ல?" என்றார்.

முடியும் என்றேன். சொன்ன உடனே தொண்டையில் நமநமவென்று ஆரம்பித்துவிட்டது. வேறு எதையாவது நினைக்க வேண்டும். மஞ்சள் அரைப்பதை நினைத்தேன். மஞ்சள் தொண்டையைக் கரிக்காது. காய்ந்த கொம்பு, முதலில் உடைக்க வேண்டும், பிறகு மெஷினில் போட வேண்டும், பிறகு சலிக்க வேண்டும். சலித்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்கவும் கூடாது. "முடிஞ்சது" என்றார்கள். அப்புறம் இருமினேன் பாருங்கள்.

யாரிடம் "பாருங்கள்" என்று எழுதுகிறேன்?

முடிவு வரப் பத்து நாள் ஆகும்.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில் மழை, பையன்கள் நனைந்த வெடியைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

பேச்சியம்மாள் தட்டு நிறைய முறுக்கு, அதிரசம். "இந்த வருசம் வேற மில்லுல அரைச்சேன் தம்பி. முறுக்கு கடுக்கு முடுக்குன்னு கல்லாட்டம் இருக்கு. அந்த மோட்டார எப்பம்தான் சரிபண்ணுவீய?" சொல்லிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். மு. குறுக்கே வந்து பேச்சை மாற்றினாள்.

முறுக்கு உண்மையிலேயே கல். மாவு நைஸாக இல்லை. ரவை ரவையாக விட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் அந்த மில்காரனைத் திட்டிக்கொண்டிருந்ததில் என் நெஞ்சு எனக்கு மறந்து போயிருந்தது.

கோயமுத்தூரிலிருந்து மகள் சபீனா போன். லீவுக்குப் பிள்ளையோடு வரவா என்றாள். வேண்டாம், இங்கே ஒரே மழை என்றேன். "மழைன்னா என்ன, அத்தா?" என்றாள். முறுக்கு கல்லாக இருந்த கதையைச் சொல்லிப் போனை வைத்தேன்.


அக்டோபர் 25, சனி

ஒன்றும் இல்லை. மழை. காத்திருப்பு.

வலது தோளில் வலி. முன்னாலேயே இருந்ததா, இப்போது வந்ததா? மூட்டை தூக்கிய வலி என்றுதான் இத்தனை நாள் தைலம் தேய்த்தேன். இப்போது ஒவ்வொரு வலிக்கும் பயப்படுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சின்ன வயதில் சொல்வார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.


அக்டோபர் 28, செவ்வாய்

வெறித்த வானம். மழை விட்டிருந்தது.

மதியம் சுலைமான் வந்தான். என்னைப் பார்த்து, "மச்சான், சாப்ட்டீயளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அக்காவைத் தேடி உள்ளே போனான். கொல்லைப்பக்கம் இரண்டு பேரும். பேச்சுச் சத்தம் இல்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் திறந்து ஓடிக்கொண்டே இருந்தது. செத்த நேரம் கழித்து அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ரிசல்ட்டு இன்னும் வரலயாம்."

மாலை டீ கொண்டுவந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். நல்ல தம்ளர். வீட்டில் எல்லோரும் குடிக்கிற, வாய் விரிந்த தம்ளர்.

ஜன்னலைப் பார்த்தேன். நெளிந்த தம்ளர் அங்கே இல்லை. தட்டும் இல்லை.

பாதி குடித்து வைத்தேன். வேண்டுமென்றுதான். அவள் மீதியை எடுத்தாள். நின்ற இடத்திலேயே, ஒரு முழுங்கில் குடித்துவிட்டாள்.

டிபி இல்லை.


அக்டோபர் 29, புதன்

காலையில் கேட்டுவிட்டேன். "தம்ளர ஏன் மாத்துன?"

திகைத்து நின்றாள். தான் மாற்றியதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒட்டாத நோய் என்று கேட்டதும் கை தானாக நல்ல தம்ளரை எடுத்திருக்கிறது. அப்படியே உட்கார்ந்து அழுதாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு தம்பிகிட்ட சத்தியம் வாங்குனேன். நானே காட்டிக் குடுத்துட்டேனே."

நானும் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, சத்தமாகவே அழுதேன். நுரையீரலில் புற்றுநோய். இருமல் மருந்தும், தைலமும், மிளகாய் மேல் போட்ட பழியும் எல்லாம் இதற்கு.


அக்டோபர் 31, வெள்ளி

மதுரை. புற்றுநோய் டாக்டர், பெண். சபீனா வயதுதான் இருக்கும். எனக்கு வந்திருப்பது, பெயர் "அடினோ" என்று தொடங்கும் வகையாம். புகைக்காதவர்களுக்கு வருவதில் இதுதான் அதிகமாம்.

"மிளகாத் தூசியால வந்ததா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க ஐயா. யாருக்கு ஏன் வருதுன்னு எல்லா நேரமும் எங்களுக்கே தெரியறதில்ல."

என் மில்லைக் குற்றம் சொல்லாததற்கு அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

ஒரு காகிதத்தில் நுரையீரல் வரைந்து காட்டினார். கட்டி எவ்வளவு பெரிது, நெறிகளுக்குப் போயிருக்கிறதா, நெஞ்சைத் தாண்டிவிட்டதா. இந்த மூன்றையும் பார்த்துத்தான் எந்த நிலை என்று முடிவு. ஆரம்பம் என்றால் அறுத்து எடுத்துவிடலாம். நடுவில் என்றால் கதிர்வீச்சு, ஊசி மருந்து. தாண்டியிருந்தால் வேறு வழி.

"வேற வழின்னா?"

"மொதல்ல ஸ்கேன் பார்ப்போம்யா."

எடுத்த துணுக்கையே ஜீன் டெஸ்டுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஏதாவது கிடைத்தால் ஊசிக்குப் பதில் மாத்திரையே போதுமாம்.


நவம்பர் 3, திங்கள்

உடம்பு முழுக்க ஸ்கேன். ஏதோ கலந்த சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றி ஒரு அறையில் தனியாக உட்காரவைத்தார்கள். பேசக் கூடாது, நடக்கக் கூடாது. புற்று இருக்கும் இடமெல்லாம் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் மினுங்குமாம். அசையாமல் இருந்தேன். அசைந்தால் அது வேறு இடத்துக்கு ஓடிவிடும் என்பது போல.

வெளியே வந்ததும், "உடம்புல கதிர்வீச்சு இருக்கும், இன்னைக்கு ஒரு நாள் சின்னப் பிள்ளைங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல போகாதீங்க" என்றான் அங்கே இருந்தவன். மு. உடனே, "தம்ளர் தனியா வைக்கணுமா தம்பி?" என்றாள். அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து.

தலைக்கும் ஒரு ஸ்கேன். காதடைக்கிற சத்தம். நான் தூங்கிவிட்டேன். மில்காரனை எழுப்பித்தான் வெளியே எடுத்தார்கள்.


நவம்பர் 9, ஞாயிறு

மழை விடாமல். கண்மாய் நிறைந்துவிட்டதாம். போய்ப் பார்க்கவில்லை.

தோள் வலி. மேல்முதுகும். மு. தைலம் எடுத்துவந்தாள், நான் வேண்டாம் என்றேன், அவள் தேய்த்தாள். வலிக்கிற இடத்தில் அது இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது.


நவம்பர் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

சுலைமான் பில் கவுண்டரில் நின்றான். உள்ளே நானும் மும்தாஜும். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். நெஞ்சில் மினுங்குகிறது. நடு நெஞ்சு நெறியில் மினுங்குகிறது. முதுகெலும்பில் ஒரு இடம், தோள் பக்கம் ஒரு இடம். தலையில் இல்லை.

"ஸ்டேஜ் ஃபோர்ங்க ஐயா. நாலாவது நிலை. ஆபரேஷன் பண்ற மாதிரி இல்ல."

நாலுக்கு மேல் நிலையே கிடையாது, மூன்றாவது வரைக்கும்தான் பேச்சுக்கு இடம் உண்டு என்று போனில் படித்து வைத்திருந்தேன்.

டாக்டர் நிறுத்தவில்லை. ஜீன் டெஸ்டில் ஒரு மாற்றம் கிடைத்திருக்கிறது, அது நல்ல சேதி. அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. தினம் ஒன்று. தோலில் பரு மாதிரி வரலாம், வயிற்றால் போகலாம், வாய்ப்புண் வரலாம், வந்தால் உடனே சொல்ல வேண்டும். நடுவில் இதயத்துக்கு ஒரு டெஸ்ட். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். "அடியோட போயிரும்னு பொய் சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கும். நிறைய பேர் வேலைக்கே போறாங்க."

எவ்வளவு நாள் அடக்கி வைக்கும்? நாக்கு நுனி வரை வந்தது. மும்தாஜ் பக்கத்தில் இருந்தாள். கேட்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். சுலைமான் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். மு. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நாலுன்னாவளே. எத்தனைக்கு நாலு?"

எனக்குப் புரியவில்லை.

"நம்ம சபீனா படிக்கும்போது கணக்குல பத்துக்கு நாலு வாங்கிட்டு வருவாள்லா, அது மாதிரி. எத்தனைக்கு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தம்ளரை மாற்றிய நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

"பத்துக்கு," என்றேன்.

சுலைமான் வாயைத் திறந்தான். நான் பார்த்தேன். மூடிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் வாங்கிவாரேன் என்று கடைப்பக்கம் போனான்.

"பத்துக்கு நாலா," என்றாள். மூச்சு விட்டாள். "பாதிகூட இல்ல. அப்பம் நாமதான் ரொம்பப் பயந்துட்டோம்."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வலிக்கிற தோள். நகரவில்லை நான்.


நவம்பர் 17, திங்கள்

வெயில். மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள். மூக்கோரம் லேசாகப் பரு. டாக்டர் சொன்னதுதான். சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கியது.

"மோட்டார் ரிப்பேர்" அட்டையை எடுத்தாயிற்று. இனி சுலைமான்தான் மெஷினில் நிற்பான். நான் கல்லாப்பக்கம், அதுவும் மிளகாய் ஓடாத நேரம். மாவு ஒரு கை எடுத்துப் பார்த்தேன். இன்னும் நைஸாக வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு மறுபடி போட்டான்.

பேச்சியம்மாள் கஞ்சி மாவுக்கு வறுத்த உளுந்தோடு வந்தாள். மும்தாஜ் அவளிடம் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும். நான் உள்ளேயிருந்து கேட்டேன்.

"ஏட்டி மும்தாஜு, அந்த நோவா? யம்மா."

"பயப்படாதீங்கக்கா. நாலுதான். பத்துக்கு நாலு. மாத்திரைலயே அமுங்கிருமாம்."

"அப்பம் தேவலயே. பொறவென்ன. நல்லாச் சாப்பிடச் சொல்லு."

அவள் சொன்ன விதத்தில் எனக்கே நாலு சின்ன எண்ணாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே வந்தாள். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். தம்ளரைத் திரும்ப வாங்கும்போது கையை விடவில்லை.

"என்னங்க. அஞ்சுக்குப் போயிராதுல்லா?"

"போகாது," என்றேன். "அஞ்சுக்குப் போகாது."

அதில் பொய் இல்லை.